பகலின் கேள்வியும் இரவின் மறுமொழியும்

நியூயோர்க் நகரிலே காலை ஒன்பது மணிக்கு ஒருவர் தமது வங்கிக் கணக்கிற் கண்ட பிழையொன்றைப் பற்றி முறையிடத் தொலைபேசியை எடுக்கிறார். அவருக்கு மறுமொழி கூறுபவர் மணிலாவில் இருக்கிறார். அங்கே அப்போது இரவு ஒன்பது மணி. குளிர்காலமாயின் பத்து மணி. முறையிட்டவர் இருபது செக்கனுக்குள் ஒரு மனிதக் குரலைக் கேட்டுவிடுகிறார். அந்த இருபது செக்கனுக்குப் பின்னால் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு நிற்கிறது. அது பெரும்பாலும் கம்பிகளின் வரலாறாகவும் கருவிகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கம்பியின் முனையில் இருந்த மனிதரின் உறக்கத்தை அளவுகோலாகக் கொண்டு அவ்வரலாற்றை நோக்குவதே நமது எண்ணம்.

இதனை இலங்கை வாசகருக்கு எழுதுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. பாடசாலைக் கல்வியை முடித்து வெளியேறும் நமது பிள்ளைகளுட் சிலர் இன்று கொழும்பிலே இத்தகைய நிலையங்களில் இரவு வேலைக்குப் போகின்றனர். ஆங்கிலம் ஓரளவு வந்தால் வேலை கிடைக்கிறதே என்று பெற்றோர் ஆறுதலடைகின்றனர். அவ்வேலை ஏன் இரவிலே நிகழவேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. பூமி உருண்டை, அங்கே பகலென்றால் இங்கே இரவு என்பது போதிய விடையாகக் கொள்ளப்படுகிறது. அவ்விடை போதாது என்பதே நாம் சொல்ல வருவது.

கடித யுகத்தில் நேர வேறுபாடு என்றொரு பிரச்சினையே இருக்கவில்லை. இலண்டனிலிருந்து புறப்பட்ட கடிதம் கொழும்பை அடைய வாரங்கள் சென்ற காலத்தில், இரு நகரங்களுக்குமிடையே ஐந்தரை மணி வேறுபாடு உண்டென்பதை யார் பொருட்படுத்துவர்? 1850களில் ஐரோப்பியத் தபாற் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கே வந்தன. அங்கு வந்திறங்கிய செய்திகளைக் கொழும்புக்கு விரைவிற் கொண்டுசெல்வதற்காகச் 'சிலோன் ஒப்சேர்வர்' பத்திரிகை புறாக்களைப் பயன்படுத்தியது. காலியிலே பறக்கவிடப்பட்ட புறா தன் கூட்டைத் தேடிக் கொழும்புக்கு வந்து சேரும். கோப்பி விலையை அறியத் துடித்த வணிகரின் அவசரமெல்லாம் ஒரு பறவையின் சிறகிலே தங்கியிருந்தது. புறா இரவிற் பறப்பதில்லை. ஆகவே அந்த அவசரத்துக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருந்தது. அத்தசாப்தத்தின் இறுதியிற் காலிக்கும் கொழும்புக்குமிடையே தந்திக் கம்பி இடப்பட்டதும் புறாக்களின் உத்தியோகம் முடிந்தது. எல்லையும் அவற்றோடு போயிற்று.

1866இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே நிலையான தந்திக் கம்பி அமைந்தது. 1870இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள போர்த்கர்னோவிலிருந்து ஏடன் வழியாகப் பம்பாய்வரை கடலடிக் கம்பித் தொடர் முற்றுப்பெற்றது. வாரக்கணக்கு மணிக்கணக்காயிற்று. ஆனால் அக்காலத்துக் கம்பியில் ஒரு செய்தி தானாக நெடுந்தூரம் ஓடிவிடாது. இடையிலுள்ள ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு மனிதர் அதனைப் படித்தெடுத்து அடுத்த கம்பியிலே மீண்டும் தட்டியனுப்பவேண்டும். இலண்டனில் மாலையிற் கொடுக்கப்பட்ட செய்தி விடியுமுன் பம்பாயை அடையவேண்டுமாயின், வழியெங்கும் தந்தி லிகிதர் விழித்திருத்தல் வேண்டும். எனவே கடலடிக் கம்பி நிலையங்கள் இரவு பகலாக முறைவைத்து இயங்கின. காவற்காரரும் மாலுமிகளும் நோயாளரைப் பார்ப்போரும் பண்டுதொட்டே இரவில் விழித்திருந்தவர்கள்தாம். வேறொரு நாட்டின் சந்தை விழித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விழித்திருக்கவேண்டிய உழைப்பாளி புதியவர்.

அச்சந்தைகளை இணைப்பதற்குக் கடிகாரங்களும் இணங்கவேண்டியிருந்தன. அமெரிக்கப் புகையிரதக் கொம்பனிகள் 1883ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி தமக்குள் நேர வலயங்களை வகுத்துக்கொண்டன. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, கிறீனிச் வழியாகச் செல்லும் கோட்டை முதற் கோடாக ஏற்றனர். உலகத்தை 24 வலயங்களாகப் பிரித்தது இம்மகாநாடே என்று பலர் எழுதுவர். அது சரியன்று. முதற் கோட்டையும் உலகப் பொது நாளொன்றையுமே மகாநாடு தீர்மானித்தது. வலயங்களை ஒவ்வோர் அரசும் தன் வசதிப்படி பின்னரே ஏற்றது. பிரான்ஸ் 1911வரை பாரிஸ் நேரத்தைக் கைவிடவில்லை. கொழும்புக்கோ கல்கத்தாவுக்கோ அம்மகாநாட்டிற் சொந்தக் குரல் இருக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1906 ஜனவரி முதலாந் திகதி இந்தியாவிலும் இலங்கையிலும் கிறீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. பம்பாயின் பழைய நேரம் இதற்கு 39 நிமிடம் பிந்தியது. பருத்தி ஆலை முதலாளிகள் புதிய நேரத்தைப் புகுத்தியபோது, தொழிலாளி அன்றுவரை எழுந்ததைவிட 39 நிமிடம் முன்னதாக, இருள் கலையுமுன், ஆலை வாசலுக்கு வரவேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜனவரியிலேயே ஆயிரக்கணக்கான ஆலைத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். ஆலைகள்மீது கற்கள் விழுந்தன. கடிகாரத்தை நகர்த்துவதென்பது ஒருவரின் உறக்கத்தைத் தொடுவது என்பதைப் பேராசிரியர்களுக்கு முன்னரே அவர்கள் அறிந்திருந்தனர். நமது நாட்டிலும் 1996 மே மாதத்தில் மின்சாரப் பற்றாக்குறையை முன்னிட்டு கடிகாரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. 2006 ஏப்ரிலிற் பழைய நேரம் மீண்டது. அப்பத்தாண்டுகளில் வடக்கே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தமையால், சோதனைச் சாவடியைக் கடந்தவர் கைக்கடிகாரத்தையும் திருத்திக்கொள்ள நேர்ந்தது. சூரியன் இருபுறமும் ஒன்றாகவே உதித்தது.

நமது பொருளுக்கு மீள்வோம். தந்திக்கு மறுமொழி சில மணி தாமதிக்கலாம். தொலைபேசிக்கு அது இயலாது. அழைப்பவர் கருவியைக் காதில் வைத்துக்கொண்டே காத்திருக்கிறார். மறுமொழிக் காலம் செக்கனால் அளக்கப்படத் தொடங்கியது இங்கேதான். முதலிற் பையன்களே இணைப்பு வேலைக்கு அமர்த்தப்பட்டனர். அவர்கள் வாடிக்கையாளருடன் சண்டை பிடித்தமையால், 1878 செப்டெம்பரிற் பொஸ்ரன் நகரிலே எம்மா நட் என்ற பெண் நியமிக்கப்பட்டார். உலகின் முதற் பெண் தொலைபேசி இணைப்பாளர் அவரே. பெண்ணின் குரலில் இனிமையும் பொறுமையும் உண்டு என்பது கொம்பனிகள் சொன்ன காரணம். பெண்ணுக்குக் கொடுக்கும் சம்பளம் குறைவு என்பது சொல்லாத காரணம். அழைப்புகள் காலையிலும் மாலையிலும் குவிந்து நண்பகலிற் குறைவதால், அப்பெண்களின் வேலை நாளை இரு துண்டாக வெட்டி, இடைப்பட்ட மணிகளுக்குச் சம்பளம் கொடாது விடும் வழக்கமும் இருந்தது. 1912இற் பொஸ்ரனிலே அவர்கள் சங்கம் அமைத்தபோது அவ்வழக்கமும் அவர்களின் குறைகளுள் ஒன்று. 1919 ஏப்ரிலில், ஜூலியா ஓ'கொனர் என்பாரின் தலைமையில் ஏறத்தாழ 8,000 பெண் இணைப்பாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தொலைபேசிச் சேவை அப்போது அமெரிக்கத் தபால் மா அதிபரின் கட்டுப்பாட்டில் இருந்தமையால், அரசையே எதிர்த்து நிற்கவேண்டியிருந்தது. நியூ இங்கிலாந்து மாநிலங்களில் ஆறு நாள் தொலைபேசி ஊமையாயிற்று. சம்பள உயர்வோடு அவர்கள் திரும்பினர். தொழிலாளர் இயக்க வரலாற்று நூல்களில் இவ்வெற்றிக்குச் சில வரிகளே ஒதுக்கப்படுவது நமக்கு வியப்பைத் தருகிறது.

இதே காலத்திலே கோப்பன்ஹேகன் நகரில் ஓர் அமைதியான மனிதர் வேறொரு வழியாக இப்பிரச்சினையை அணுகிக்கொண்டிருந்தார். அக்னர் கிறாரப் ஏர்லாங் 1908இல் அந்நகரத் தொலைபேசிக் கொம்பனியிற் சேர்ந்த கணிதர். ஒரு நிலையத்தில் எத்தனை பேர் இருந்தால் அழைப்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதை அவர் நிகழ்தகவுக் கணிதத்தால் ஆராய்ந்தார். 1909இலும் 1917இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகளே இன்றும் உலகின் அழைப்பு நிலையங்களில் எத்தனை நாற்காலி இடவேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இக்கணிதத்தைச் சற்று விரிவாகக் காண்பது நன்று. சமூக வரலாற்றின் ஒரு பெரும் பகுதி அதனுள்ளே மறைந்துகிடக்கிறது.

ஒரு நிலையத்துக்கு மணிக்கு 200 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் 3 நிமிடம் நீடிக்கிறது என வைத்துக்கொள்வோம். மொத்த வேலை 600 நிமிடம். பத்துப்பேர் இடையறாது பேசினால் முடிந்துவிடும். ஆனால் அழைப்புகள் பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசையாக வருவதில்லை. சிலவேளை ஐந்து ஒன்றாக வரும். சிலவேளை ஒன்றும் வராது. நூற்றுக்கு 80 அழைப்புகள் 20 செக்கனுக்குள் எடுக்கப்படும் என்று வாக்களித்தால் (இத்தொழிலிற் பெரிதும் வழங்கும் வாக்கு இதுவே), ஏர்லாங்கின் கணக்குப்படி 14 பேர் வேண்டும். 13 பேராயின் வாக்கு மயிரிழையில் தவறும். இனி, மூன்று நாடுகளில் இத்தகைய மூன்று நிலையங்கள் இருப்பின் 42 பேர். மூன்றையும் ஒன்றாக்கி, மணிக்கு 600 அழைப்புகளையும் ஒரே கூட்டத்தார் எடுப்பாரேல் 35 பேர் போதும். வாடிக்கையாளருக்கு அளித்த வாக்கும் தவறவில்லை. ஏழு பேரின் சம்பளம் மிஞ்சுகிறது.

அந்த ஏழு பேரின் சம்பளம் எங்கிருந்து வந்தது? பதினால்வர் பத்துப் பேரின் வேலையைச் செய்யும்போது, ஒவ்வொருவருக்கும் மணிக்கு ஏறத்தாழ 17 நிமிடம் அழைப்பின்றிக் கிடைக்கும். முப்பத்தைவர் முப்பது பேரின் வேலையைச் செய்யும்போது அது 9 நிமிடத்துக்கும் குறைந்துவிடும். தண்ணீர் குடிக்கவும், திட்டிய ஒருவரின் குரலை மறந்து அடுத்தவரிடம் அமைதியாகப் பேச மனத்தைத் திருப்பவும் இருந்த நேரமே மிச்சப்படுத்தப்பட்டது. ஏர்லாங்கை நாம் குறைகூறவில்லை. அவர் கணக்கை உண்மையாகவே போட்டார். கணக்கின் விடையை யார் எடுத்துக்கொண்டார் என்பதே வினா.

இக்கணக்கு இரவைப் பற்றியும் ஒன்று சொல்லும். நள்ளிரவில் மணிக்கு 20 அழைப்புகளே வருமாயின், அது ஒருவர் செய்யக்கூடிய வேலைதான். ஆயினும் மேற்சொன்ன வாக்கைக் காப்பதற்கு மூவர் விழித்திருக்கவேண்டும். சிறு நிலையங்கள் தத்தம் நாட்டிலே இரவைக் காப்பது கொம்பனிகளுக்குப் பாரமாயிற்று. எல்லாவற்றையும் ஓரிடத்திலே திரட்டு என்றது கணிதம். அந்த இடம் எது என்பதைக் கணிதம் சொல்லவில்லை, கூலி சொல்லிற்று.

இடையிலுள்ள படிகளை விரைந்து கடப்போம். அமெரிக்காவில் 1967இல் அழைப்பவருக்குச் செலவில்லாத தொலைபேசி இலக்கம் அறிமுகமாயிற்று. 1973இல், வந்த அழைப்புகளை வரிசையில் நிறுத்தி, ஓய்ந்திருக்கும் ஊழியரிடம் தானே அனுப்பும் பொறியொன்று ஒரு விமானக் கொம்பனிக்காக அமைக்கப்பட்டது. அப்பொறி அழைப்பைப் பகிர்ந்ததோடு, ஒவ்வோர் ஊழியரின் ஒவ்வொரு செக்கனையும் எண்ணவும் வழிதிறந்தது. முன்னர் நாற்காலிகளின் பின்னே நடந்து திரிந்த மேற்பார்வையாளர் இப்போது பொறிக்குள்ளே புகுந்துகொண்டார். 1990களிற் கடலடி ஒளியிழைக் கம்பிகள் பெருகி, தூரத்துப் பேச்சின் விலை வீழ்ந்தது. 1997இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கொம்பனியின் நிதிப்பிரிவு டில்லிக்கு அருகேயுள்ள குர்கானிலே தன் சேவை நிலையத்தைத் தொடங்கியது. 2002இல் இந்தியாவின் வெளிநாட்டுத் தொலைபேசித் துறையில் ஏகபோகம் நீங்கியது. 2010 அளவிற் குரல்வழிச் சேவையில் பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்தியது. 1898 முதல் 1946வரை அமெரிக்காவின் ஆட்சியிலிருந்த அந்நாட்டுப் பாடசாலைகளில் அமெரிக்க ஆங்கிலம் வேரூன்றியிருந்ததை எண்ணினால், பழைய ஏகாதிபத்தியம் புதிய தொழிலுக்குச் செய்துவைத்த முன்னேற்பாடு விளங்கும்.

நியூயோர்க்கின் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை என்பது, குர்கானில் கோடைகாலத்து மாலை ஆறரை முதல் பின்னிரவு இரண்டரைவரை. கலிபோர்னியாவையும் சேர்த்தாற் குளிர்காலத்திற் காலை ஆறரைவரை நீளும். இளைஞர் அமெரிக்கப் பெயர் சூடினர், உச்சரிப்பை மாற்றிக்கொண்டனர், தாம் இருக்கும் ஊரையும் நேரத்தையும் மறைத்தனர். மாலையிற் பகலாக நடிப்பதும் அவ்வேலையின் ஒரு பகுதி. 2005 டிசெம்பரிற் பெங்களூரிலே இரவு வேலைக்குப் புறப்பட்ட பெண் ஊழியர் ஒருவர், தம்மை ஏற்றிச்செல்ல வந்த வாகனத்தின் சாரதியாற் படுகொலை செய்யப்பட்டார். இரவு வேலைக்குப் பெண்களை அழைத்த தொழில், அவர்கள் வந்துபோகும் பாதைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அதன் பின்னரே பெரிதாக எடுத்தது. பிலிப்பைன்ஸ் அரசு 2011இல் ஒரு சட்டத்தின்மூலம் பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையை நீக்கியது. இரவு பத்து முதற் காலை ஆறுவரை உழைப்போருக்குக் குறைந்தது நூற்றுக்குப் பத்துக் கூடுதற் கூலி கொடுக்கவேண்டுமென அந்நாட்டுத் தொழிற் சட்டம் கூறுகிறது. உறக்கத்துக்கு அங்கே இடப்பட்ட விலை அதுவே.

உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், உடலின் இயல்பான நாட்கடிகாரத்தைக் குலைக்கும் முறைவேலை மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் இரவு வேலை குறித்து அம்முடிபையே மீளவும் உறுதிசெய்தது. மனிதவுடல் கொம்பனியின் கால அட்டவணைக்கு எளிதில் இணங்குவதில்லை.

இவையெல்லாம் தவிர்க்கவியலாதவை, பூகோளத்தின் விதி என்று சொல்வோருக்கு ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகிறோம். அமெரிக்க வைத்தியசாலைகளில் நள்ளிரவில் வரும் விபத்து நோயாளரின் ஊடுகதிர்ப் படங்களை உடனே பார்த்துச் சொல்ல நிபுணர் வேண்டும். இங்கும் மறுமொழி தாமதிக்கலாகாது; வங்கிக் கணக்குப் பிழையைவிட இது பன்மடங்கு அவசரமானது. நித்திரை விழித்துச் சலித்த நிபுணருக்காக 2001இல் ஐடஹோ மாநிலத்திலே நைட்ஹோக் என்ற கொம்பனி தோன்றியது. அது என்ன செய்தது? அமெரிக்க வைத்தியர்களை அவுஸ்திரேலியாவின் சிட்னிக்கு அனுப்பியது. பின்னர் சுவிற்சர்லாந்தின் சூரிச்சிலும் நிலையம் அமைத்தது. அமெரிக்காவில் நள்ளிரவாக இருக்கும்போது சிட்னியிற் பகல். வைத்தியர் நன்கு உறங்கி எழுந்து, பகல் வெளிச்சத்தில் அமர்ந்து, நள்ளிரவுக் கேள்விக்கு மறுமொழி கூறினார். விமானச் செலவு, வீட்டு வாடகை, இரு நாட்டு அனுமதிப் பத்திரங்கள் அனைத்தையும் கொடுத்த பின்னரும் அது இலாபமாகவே இருந்தது. வைத்தியரின் உறக்கத்துக்கு விலை உண்டு.

ஆக, அதே பூமி, அதே சுழற்சி. விலையுயர்ந்த உழைப்பாளியைப் பகலுக்குக் கொண்டுசெல்ல அது பயன்பட்டது. மலிந்த உழைப்பாளியை இரவுக்குள் தள்ளவும் அதுவே பயன்பட்டது. நேர வேறுபாடு இயல்பிலேயே இரவு வேலைக்கு மருந்து. உலகின் மூன்று மூலைகளில் மூன்று நிலையங்கள் இருந்து, ஒன்று உறங்கப்போகும்போது மற்றொன்று எழுமாயின், எவரும் இரவிலே விழித்திருக்கவேண்டியதில்லை. சூரியனைப் பின்தொடரும் இம்முறையை மென்பொருட் கொம்பனிகள் பல தமது பொறியியலாளருக்கு நடைமுறைப்படுத்தியுமுள்ளன. தொலைபேசியில் அமர்ந்திருக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் அது பெரும்பாலும் எட்டவில்லை. மூன்று கட்டடத்தையும் மூன்று கூலி விகிதத்தையும்விட, ஒரு கட்டடமும் ஒரு மலிந்த கூலியும் முதலாளிக்கு இலேசு.

அவசரம் என்பதையும் நாம் கேள்விக்குட்படுத்தவேண்டும். எல்லாக் கேள்வியும் இருபது செக்கனுக்குள் மறுமொழியைக் கோருவதன்று. இலண்டனில் ஒருவர் இரவு உணவுக்குப்பின் எழுதியனுப்பும் முறைப்பாட்டைக் கொழும்பில் ஒருவர் காலை எட்டரை மணிக்குத் திறக்கலாம். அப்போது இலண்டனிற் குளிர்காலத்து அதிகாலை மூன்று மணி. அவர் கண்விழிக்குமுன் மறுமொழி அவரது மேசையில் இருக்கும். இங்கே எழுதியவரும் மாலையில் வீடு சேர்ந்துவிடுவார். திருடப்பட்ட வங்கி அட்டையைத் தடுப்பதும், அடுத்த மாதச் சந்தாவைப் பற்றி விசாரிப்பதும் ஒரே வரிசையில் ஒரே செக்கன் கணக்கில் வைக்கப்படுவதற்குக் காரணம் தேவை அன்று, போட்டி. அடுத்த கொம்பனி 20 செக்கன் என்றால் நாமும் 20 செக்கன் என்கிறது இக்கொம்பனி. வாக்களித்தவர் இலண்டனில் உறங்குகிறார். வாக்கைக் காப்பவர் இங்கே விழித்திருக்கிறார்.

2005இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஓர் எரிசக்திச் சட்டத்தை இயற்றியது. அதன் ஒரு பிரிவு கோடைகால நேரத்தை நீட்டிற்று. 2007 முதல் அந்நாட்டின் பெரும்பகுதியிற் கடிகாரங்கள் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறன்று ஒரு மணி முன்னேறி, நவம்பர் முதலாவது ஞாயிறன்று பின்வாங்குகின்றன. மின்சாரச் சிக்கனமே அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. பிலிப்பைன்ஸில் இன்று கோடைகால நேரம் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் இல்லை. ஆயினும் மார்ச் மாதத்து அந்த ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை, மணிலாவிலே நேற்றுவரை இரவு பத்து மணிக்கு ஆசனத்தில் அமர்ந்த பெண், ஒன்பது மணிக்கே அமரவேண்டும். அன்று அவள் தன் பிள்ளைக்கு ஒரு மணி முன்னதாகச் சோறு ஊட்டிவிட்டுப் புறப்படுகிறாள்.